முறுக்கு டின்னுக்குள் சித்தப்பாவின் போன்

எனக்கு முதன்முதலில் வயிறு எரிந்தது எப்போது என்று யாராவது கேட்டால், மோரிப் கடற்கரையில், ஒரு பள்ளி விடுமுறையில் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். கிள்ளானிலிருந்து நாங்களும் ரவாங்கிலிருந்து சித்தப்பா குடும்பமும் ஒரே வேனில் போய், கடலோரம் வாடகை வீட்டில் தங்கியிருந்தோம்.

இறங்கியதும் சித்தப்பா செய்த முதல் காரியம், வழியிலேயே நாங்கள் தின்று தீர்த்திருந்த முறுக்கு டின்னுக்குள் தன் போனைப் போட்டு மூடியதுதான். "லீவுன்னா லீவுதான் லா. வேலையெல்லாம் இதுக்குள்ளயே கிடக்கட்டும்" என்றார். பிறகு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கினார்.

என் அப்பா கிள்ளானில் லோரிகளை அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை வருவார். போன் காதிலேயே இருக்கும். "இல்ல பாஸ், நீங்கதான் மனசு வைக்கணும்" என்று யாரிடமோ குழைந்துகொண்டிருப்பார். கையைப் பிடித்து இழுத்தால் "அஞ்சு நிமிஷம்மா" என்பார். அந்த அஞ்சு நிமிஷம் மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டிப் போகும்.

நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? ஒரே ஒரு தடவை அப்பா என்னைக் கழுத்தளவுத் தண்ணீருக்குத் தூக்கிப் போகவேண்டும், அவ்வளவுதான். அங்கே சித்தப்பா மகள் ஒவ்வொரு அலைக்கும் வீல் வீலென்று கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா தட்டில் வைத்துக்கொடுத்த மீகூன் நூடுல்ஸைக்கூட நான் தொடவில்லை.

"ஏன் உங்கப்பாவுக்கு மட்டும் ஒருத்தர்கூட போன் பண்றதில்ல?" என்று அவளைக் கேட்டேன். அவள் குனிந்து மணலைத் தோண்டினாள். சித்தி எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். எதற்கென்றே தெரியாமல் நான் அழுதேன்.

கிளம்பும் நாள் காலையில் டின் கடகடவென்று அதிர்ந்தது. சித்தப்பா மகளை முழங்கால் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். ஈரக் கையில் மூடி வழுக்க, சித்தி பிடுங்கித் திறந்து கொடுத்தார். எனக்குக் குஷி தாங்கவில்லை. லீவுன்னா லீவாம்! நல்லா வேணும், இனி அவளும் என்னைப்போல மணலில் உட்காரட்டும்.

"வரேன் பாஸ், திங்கக்கிழமையே வந்துடுறேன்" என்று சித்தப்பா போனைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக் கும்பிட்டார். சித்தி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் அப்பா தன் போனை டின்னுக்குள் போட்டு மூடினார்.

"வா" என்றார் என்னிடம்.

ரவாங் தொழிற்சாலை மூடிப் பல மாதமாகச் சித்தப்பா வேலையில்லாமல் இருந்ததும், அப்பா அத்தனை பேரிடமும் கெஞ்சியது தம்பிக்காகத்தான் என்பதும் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்று கழுத்தளவுத் தண்ணீரில், அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, இதைப் பார்த்து அவள் வயிறு எரியட்டும் என்று கரையைத் திரும்பிப் பார்த்தேன். அவளோ சித்தப்பாவின் ஈரக் காலைக் கட்டிக்கொண்டு, அவர் போனில் பேசும் வாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எத்தனை கத்தியும் என் பக்கம் திரும்பவில்லை. என்ன திமிர் இவளுக்கு என்று நினைத்தேன்.