வெள்ளைப் பூ வந்த பிறகும்

எங்கள் கல்லூரியின் எம்.பி.ஏ. துறையில் ‘நடைமுறை ஞானம்’ என்றொரு பாடத்தைச் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதை யார் தலையில் கட்டுவது என்று அதிகம் யோசிக்கவில்லை. புள்ளியியலுக்கு ஆள் இருந்தது, கணக்கியலுக்கு ஆள் இருந்தது, மிச்சம் இருந்தவள் நான். ஆனால் எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். கணக்குப் போட்டு எடுக்க முடியாத முடிவுகளைப் பற்றி, எல்லாம் சரியாக இருந்தும் மனசு மட்டும் ஒப்பாமல் கிடப்பதைப் பற்றி, வகுப்பில் வாய்விட்டுப் பேசலாம் என்று நம்பினேன். அந்த வயதிலும் அப்படி ஒரு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

செஞ்சியில் எம்.பி.ஏ. என்றால் சென்னைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் வேர்க்கடலை மண்டியோ, உரக்கடையோ, பிரியாணிக் கடையோ இருந்தது. காலையில் அப்பாவோடு கடையைத் திறந்து வைத்துவிட்டு வந்து, வியாபாரம் என்றால் என்ன என்று எங்களிடம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அவர்களிடம், “உங்க வீட்டுல எடுத்த ஒரு முடிவை, எடுத்த விதத்துலயே எழுதிட்டு வாங்க. தமிழ்லயே எழுதலாம். அதுதான் புராஜெக்ட்” என்றேன்.

வல்லத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் நான் கேட்டதை எழுதினாள். அவள் அப்பா எண்ணெய் ஆலை வைத்திருக்கிறார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை வாடகைக்கு வந்தது. நல்ல இடம், வாடகையும் கட்டுப்படியாகும். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அவருக்கு முடிவு செய்ய முடியவில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதைப்போல அம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் இறங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. வந்தது வெள்ளை.

அதற்குப் பிறகு அவள் எழுதியிருந்தது இது: “பொட்டலத்தைப் பிரிச்சதும் நைனா மூஞ்சி தொங்கிப்போச்சு. ‘அதான் உத்தரவு வந்துடுச்சே, இன்னும் இன்னா?’ன்னு அம்மா கேட்டாங்க. ‘வேணாம், வுட்று’ன்னாரு. செவப்பு வரணும்னு உள்ளுக்குள்ள ஆசப்பட்டது அப்பதான் அவருக்கே தெரிஞ்சுது.”

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதை மறுபடி மறுபடி படித்தேன். நான் ஒரு பருவம் முழுக்கத் தொண்டை வறளப் பேசியும் சொல்ல முடியாததை அவள் சொல்லிவிட்டாள். பெருமையில் அதைத் துறைத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“மேடம், இது புராஜெக்டா, தல புராணமா?” என்றார் அவர்.

“இதைத்தானே சார் பாடமா நடத்தச் சொன்னீங்க?”

“நடத்துங்க, யாரு வேணாம்னா? வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் டேட்டா எங்கன்னு கேப்பாரே. சரி, அந்தக் கடைய வேற ஒருத்தர் எடுத்து நல்லா ஓட்டுறாராமே. அப்ப இவ அப்பா எடுத்தது தப்பு முடிவுதானே?”

“மனசு ஒட்டாத கடையில இவரு போய் உக்காந்திருந்தா ஓடியிருக்குமா சார்?”

“அதை அளக்க ஏதாவது ஸ்கேல் இருக்கா?”

அவர் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுக்கலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் அந்தப் பெண்ணே என்னைத் தேடி வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. புராஜெக்டில் தேறினால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் அந்த வேலை.

“வாடிக்கையாளர் திருப்தின்னு தலைப்பு மாத்தி, கேள்வித்தாள் வச்சு செய்யச் சொல்றாரு மேம்.”

“மாத்தாத. எக்ஸாமினர்கிட்ட நான் பேசுறேன்.”

“பேசியும் அவரு ஃபெயில் போட்டுட்டா, வேற வேல நீங்க வாங்கித் தருவீங்களா மேம்?”

திமிராகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் கல்லூரியில் கேள்வித்தாள் எப்படி நிரம்பும் என்பது ஊருக்கே தெரியும். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு நிறப் பேனாவோடு, ஒருத்தி சாய்த்தும் ஒருத்தி இடது கையாலும் டிக் அடித்து, மாவட்டத்தின் மொத்தக் கருத்தையும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுவார்கள். வாங்கி வைக்கும் ஆசிரியர்களுக்கும் தெரியும், மார்க் போட வருகிறவருக்கும் தெரியும். பொய் என்று யாரும் சொல்வதில்லை. அதற்குப் பெயர் டேட்டா.

வாய்மொழித் தேர்வு நாளன்று கரண்ட் இல்லை. சுற்றிலும் மலைகள் காய்ந்து அனல் அடித்தது. பாட ஆசிரியை என்ற முறையில் என்னையும் கடைசி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், ஒப்புக்கு. எக்ஸாமினர் அவள் அறிக்கையில் இருந்த கலர் கலரான வட்டப் படங்களைப் புரட்டிப் பார்த்து, “பிரமாதம்” என்றார். துறைத் தலைவருக்கு வாயெல்லாம் பல்.

“சரிம்மா, இந்த ஆய்வுல நீ கத்துக்கிட்ட நடைமுறை ஞானம் என்ன?”

அவள் தயங்கவே இல்லை. “பதில் இன்னா வரணும்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு, அப்புறம் கேள்வி எழுதணும் சார்.”

எக்ஸாமினர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு!” துறைத் தலைவரும் சிரித்தார். அவள் சிரிக்காமல் நின்றாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. எங்கள் மூன்று பேர்மேலும்தான்.

என் பாடத்தில் அதுவரை யாரும் அவ்வளவு மதிப்பெண் வாங்கியதில்லை. பாடத்தை இன்னும் நான்தான் நடத்துகிறேன். அந்த அறிக்கையை நூலகத்தில் மாதிரிக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் புராஜெக்ட் தொடங்கும்போது, போய் அதைப் பார்த்து எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் என் வாயால்தான் சொல்கிறேன்.