ஆறு இலக்கம்

கைபேசியில் குறுஞ்செய்தி விழுந்தால் காலிதீன் முச்சக்கர வண்டியை ஓரங்கட்டிவிடுவார். உள்ளங்கையால் திரையை மறைத்துப் படிப்பார், உடனே அழிப்பார். பின்னால் இருப்பவருக்கு எவ்வளவு அவசரமென்றாலும் சரி. "கோட் நம்பர் வந்தா ஆருக்கும் செல்லிராதீங்க தம்பி. பெத்த உம்மா கேட்டாலும் செல்லிராதீங்க." கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து இதைச் சொன்ன பிறகே வண்டி நகரும்.

கல்முனை பஸ் நிலையத்தடியில் இருபது வருடமாக ஓடுகிறார். ஒடுங்கிய மனிதர். கைபேசி இருக்கும் சட்டைப்பையின் வாயை ஊசியால் குத்தி மூடியிருப்பார்.

சென்ற வருடம் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்திருக்கிறான். வந்த ஆறு இலக்கத்தையும் இவர் வாசித்துக் கொடுத்தார். மனைவி றாபியாவின் கண் சத்திரசிகிச்சைக்குச் சேர்த்த காசு முழுவதும் போயிற்று. "ஹாஜியார், ஹாஜியார் எண்டு கூப்பிட்டான் தம்பி. நான் எங்க ஹஜ்ஜுக்குப் போன? அதுலதான் மசங்கிப் போனன்." றாபியா ஒரு வார்த்தை ஏசவில்லை. இப்போது தேநீர்க் கோப்பையைத் தடவித்தான் எடுக்கிறார்.

அந்த நம்பரை வீசிவிட்டுப் புதுச் சிம் வாங்கினார். சில வாரங்களில் ஒரு பெண் அழைப்பெடுத்தாள். மருதமுனை, பெயர் சபூறா, கணவனை இழந்தவள்.

"காக்கா, இது என்ட மாப்பிள்ளைட பழைய நம்பர். அவர் மௌத்தாகி ரெண்டு வருசம். அவர்ர போன் உடைஞ்சிட்டு. புதுப் போன்ல அவர்ர படமெல்லாம் எடுக்கப் போனா ஒங்கட நம்பருக்குத்தான் கோட் வருது. மகளுக்கு வாப்பாட குரல் அதுக்குள்ளதான் இரிக்கி."

"அவனும் இப்பிடித்தான் மரியாதையாக் கதைச்சான்" என்று துண்டித்துவிட்டார். ஐந்து தடவை எடுத்தாள். ஐந்து தடவையும் துண்டித்தார். கடைசித் தடவை அவள் அழுதது பக்கத்திலிருந்த றாபியாவுக்கும் கேட்டது.

"மருதமுன என்ன மக்கத்திலயா இரிக்கி? பெய்த்துப் பாத்திட்டு வாங்களன்" என்றார் றாபியா.

சபூறாவிடம் முகவரி கேட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போனார். வீட்டு வாசல் கடப்படியில் நின்று, வந்துவிட்டேன் என்று சொல்ல அவளுடைய நம்பருக்கு அழைத்தார். வீட்டுக்குள்ளிருந்து ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

"உம்மா! வாப்பா எடுக்காரு!"

திரையில், அந்தப் பழைய நம்பருக்கென்று சேமித்திருந்த ஒரு இளைஞனின் சிரித்த முகம் மின்னிக்கொண்டிருந்தது. பிள்ளை அதையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தது.

சபூறா கதவோரம் வந்து நின்றாள். காலிதீன் தன் கைபேசியை நீட்டினார். "இந்தா மகள். இப்ப கோட்டக் கேளுங்க, நானே வாசிக்கன்."

அவள் வாங்கவில்லை. "இனிக் கேக்க ஏலா காக்கா. நீங்க தராத நாளையில நானே கோட் எண்டு ஒவ்வொரு நம்பரா அடிச்சிப் பாத்தன். முந்தாநாள் கம்பனிக்காரன் கணக்கயே மூடிப்போட்டான். இனித் திறக்காதாம்."

"ஏன் எனக்குச் செல்லல்ல?"

"வாறன் எண்டு நீங்களாச் சென்னீங்க. ஒரு மனிசனாவது நம்பினாரே எண்டு இரிந்தன்."

இதை என்னிடம் சொல்லும்போது காலிதீன் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வண்டியில் ஏறியபோது பிள்ளை பின்னாலேயே வந்ததாம். "இன்னொருக்கா எடுங்க" என்றதாம்.

பள்ளிவாசல் முடக்கில் வண்டியை நிறுத்தினார். அங்கிருந்து வீடு தெரியாது. சபூறாவின் நம்பரை அழுத்தி, கைபேசியைக் காதில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, மணி தானாக அடித்து ஓயும்வரை காத்திருந்தார்.