மாரிக்கனியின் காதுக்குள் கடலை ஊற்றியவர்கள்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சீமைக்கருவேலை வெட்டிக் கையெல்லாம் முள் கிழித்து, மூட்டம் போட்டு, வெந்த கரியை அடுத்தவன் லாரியில் ஏற்றிவிட்டு வாய் பார்த்து நின்றவன். இன்று திருச்சுழி ரோட்டில் கரிக்கிடங்கும் என்னுடையது, வாசலில் நிற்கிற லாரியும் என்னுடையது. எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. அதனால் எவனுக்கும் பயந்து எழுத வேண்டியதில்லை. மாரிக்கனி பாட்டு வைத்தியத்தில் தேறினாள் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் ஒருவனும் அதைக் கண்ணால் பார்த்தவன் இல்லை.

மாரிக்கனி என் பங்காளி மகன் நல்லகண்ணுவின் பெண்டாட்டி. என் கிடங்கில் கரி சலிக்கிறவள். பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மி அடிக்கும்போது முன்பாட்டு எடுப்பது அவள்தான். முன்பாட்டுக்காரிக்கு எங்கள் ஊரில் ஓர் உரிமை உண்டு. எதிரே வந்து நிற்கிற யாரையும் பாட்டுக்குள் இழுத்துவிடலாம். அகப்பட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பஸ் டிரைவரின் மீசை, பூசாரியின் தொந்தி, எதுவும் அவளிடம் தப்பியதில்லை. என் கஞ்சத்தனத்தையும் பாடியிருக்கிறாள். நான் சிரித்தேன். சிரிக்கத் தெரியாதவனுக்குக் கும்மிக் களத்தில் என்ன வேலை?

போன ஆடியில் அவளுடைய ஒரே மகன் பாண்டீஸ்வரன் பைபாஸில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். சாம்பலைக் கடலில் கரைக்கச் சேதுக்கரைக்குப் போன வேனில், பெண்கள் வேண்டாம் என்று சொல்லியும் அவள் ஏறி உட்கார்ந்தாள். கரைத்துத் திரும்பியதிலிருந்து ஒரு பேச்சு இல்லை. அழுகையும் இல்லை. சோற்றைப் பிசைவாள், தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். ஒரு மாதத்தில் ஜாக்கெட்டு தோளில் நிற்காமல் வழிந்தது.

அதற்கு எங்கள் தெருவின் புத்திசாலிகள் செய்த உபகாரத்தைச் சொல்ல வேண்டும். சாவு விழுந்த கேதவீட்டில் வருசம் திரும்புகிற வரை பாட்டுச் சத்தம் ஆகாது என்பது வழக்கம். வீட்டோடு நிறுத்தியிருந்தால் சரி. இவர்கள் மரியாதையைத் தெரு முழுக்க நீட்டினார்கள். டிவியில் சத்தத்தைக் குறைத்தார்கள். அவள் குழாயடிக்கு வந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஏச்சும் பேச்சும் பாட்டுமாக வாழ்ந்தவளைச் சுற்றிலும் அமைதியைக் கட்டி எழுப்பிவிட்டு, நாம் எவ்வளவு நல்லவர்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் காளிராஜ், நல்லகண்ணுவின் தம்பி. வேலை என்று ஒன்று கிடையாது. சலவைச் சட்டை மட்டும் கலையாது. அண்ணன் வீட்டில் யாரும் பாட்டுக் கேட்டுவிடாமல் காவல் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, தன் காதில் மட்டும் எந்நேரமும் பாட்டுக் கேட்கிற வெள்ளைக் குமிழைச் சொருகி வைத்திருப்பான்.

அவன்தான் மதினியைப் பாளையம்பட்டிக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே ஆனந்தகுமார் என்று ஒருவன் 'இசை மருத்துவ நிலையம்' என்று போர்டு மாட்டியிருந்தான். முன்பு கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசித்தவன். அவன் ஆரம்பித்தால் சாப்பிட்டவர்கள் கையைக் கழுவியதும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். கூட்டம் கலைக்கிற அந்தத் திறமையை வைத்து இப்போது மனநோயைக் கலைக்கிறானாம்.

நல்லகண்ணு என்னையும் துணைக்கு அழைத்திருந்தான். வாசலிலேயே கேட்டேன்.

"ஏண்டா காளிராஜ், வருசம் திரும்பாம பாட்டு ஆகாதுன்னு நீதான குதிச்ச?"

"பெரியப்பா, இது காதுக்குள்ள மட்டும் கேக்குறது. வெளிய கேட்டாத்தான் பாட்டு. உள்ள கேட்டா வைத்தியம்."

இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு அவன் ஏன் இன்னும் மந்திரியாகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனந்தகுமார் அவளை ஏசி அறையில் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, இரண்டு காதையும் பெரிய மூடியால் மூடினான். "கண்ண மூடுங்கம்மா. அலைச் சத்தமும் புல்லாங்குழலும் வரும். மனசு அமைதியாயிரும்."

"அவளுக்கு அமைதி குறைச்சலாவா இருக்கு?" என்றேன். "அமைதிதான அவளத் தின்னுக்கிட்டு இருக்கு."

"ஐயா, இதெல்லாம் வெளிநாட்டுல நிரூபிச்சது."

அவன் பேசி முடிக்கவில்லை. மாரிக்கனி மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். எங்கள் பக்கத்து மனிதர்கள் கடலைப் பார்க்கப் போவது எதற்கு? சாம்பல் கரைக்கத்தான். அந்தச் சத்தத்தை அவள் கடைசியாகக் கேட்டது மகனைக் கரைத்த அன்றைக்கு. அதை வெளிநாட்டிலிருந்து தருவித்து அவள் காதிலேயே ஊற்றினான் ஒருவன். அன்றைக்குச் சாம்பல் சட்டியைத் தன் கையால் சுமந்து வந்த காளிராஜ் பக்கத்தில் நின்று தலையாட்டினான். "மொத தடவ அப்படித்தான் இருக்கும், பழகிரும்" என்றான் ஆனந்தகுமார். எனக்குக் கை பரபரத்தது. வயதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் நானே பெரியாஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனேன். மனநல டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. அடுத்த முறை போனபோது, "முன்னாடி இவுகளுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்கள். கும்மி என்றேன். "மாத்திரைய நிறுத்தாதீங்க. பாடுற பொம்பளைகளோட இவுகளையும் உக்கார வைங்க. பாடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் படித்தவர்களை மொத்தமாக வைவதை விட்டுவிட்டேன். ஆனந்தகுமாரை விடவில்லை.

காளிராஜிடம் சொன்னால் வழக்கம் என்பான். கேட்காமலே செய்தேன். கேதம் வீட்டுக்கும் கோயிலுக்கும்தான்; கரிக்கிடங்குக்கு ஏது கேதம்? மாசி பிறந்ததும் கும்மிக்காரி பிச்சையம்மாளைக் கூப்பிட்டு, இந்த வருசம் கும்மிப் பழக்கம் கிடங்கு வாசலில்தான், வேலை முடிந்த கையோடு ஆரம்பியுங்கள் என்றேன். மூத்த பங்காளி நான் சொன்னால் மறுத்துப் பேச இந்த ஊரில் ஆள் கிடையாது.

மாரிக்கனி சல்லடைக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாலைந்து நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கூலியைப் பிடிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம் அவள் கை மடியில் இருந்தபடியே தாளம் தட்டியது. கொஞ்ச நேரத்தில் எழுந்து வட்டத்துக்குள் வந்தாள். கரி படிந்த கைகள் சேர்ந்து தட்டும்போதெல்லாம் கறுப்புத் தூசி பறந்தது. பிச்சையம்மாள் பாட்டை நிறுத்தி வழிவிட்டாள். அடைத்துப்போன தொண்டையிலிருந்து சத்தம் கரகரத்து வந்தது.

"பச்சச் சட்ட போட்டுப் போனானே பாண்டி
பைக்க எடுத்துக்கிட்டுப் போனானே
மிச்சச் சோத்தத் தட்டில் வச்சுட்டுப் போனானே
மீதிய யாருக்குப் போடுவேனே"

இது கும்மியா, ஒப்பாரியா என்று தெரியாமல் மற்றவர்களின் கை அந்தரத்தில் நின்றது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். அதனால் அவர்களும் தட்டினார்கள். ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. கரி முகத்தில் இரண்டு கோடாக இறங்கியது. அவளைக் கூட்டிப்போக வந்திருந்த நல்லகண்ணு லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

யாரோ போன் போட்டிருக்கிறார்கள். சலவைச் சட்டை வேர்க்க வேர்க்கக் காளிராஜ் வந்து நின்றான். காதில் குமிழ் இருந்தது.

"மதினி, வீட்டுக்கு வாங்க. ஊரு காறித் துப்பும். பெரியப்பா, நீங்களும் இதுக்கு உடந்தையா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாரிக்கனி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, தாளத்தை விடாமல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெள்ளச் சட்ட போட்டு வாராரு கொழுந்தன்
வேலவெட்டி இல்லாம வாராரு
உள்ளங் காதுக்குள்ள பாட்டக் கேட்டுக்கிட்டு
ஊரு வாயப் பூட்ட வாராரு"

முதலில் பிச்சையம்மாள் சிரித்தாள். அப்புறம் வட்டம் முழுக்கச் சிரித்தது. லாரிக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. காளிராஜின் கை தானாகக் காதுக்குப் போய்க் குமிழைக் கழற்றியது. கோபித்துக்கொள்ள அவனுக்கு உரிமையில்லை. வழக்கம் பேசுகிறவனுக்கு இந்த வழக்கமும் தெரியும்தானே. பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

பிச்சையம்மாள் தன் சோற்றுத் தூக்குவாளியைத் திறந்து வைத்தாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மாரிக்கனி இரண்டு உருண்டை வாயில் போட்டு விழுங்கினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மாமா, கொழுந்தனுக்கு இன்னும் ரெண்டு அடி பாக்கி இருக்கு. நாளைக்கும் வரச் சொல்லுங்க."