கொதிக்கும் கஞ்சியில் கரைத்த மருந்து

என் மனைவி வளர்த்த நாய் சென்ற மழைக்காலத்தில் காட்டுப்பன்றியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பன்றி மேய்வதைப் பார்த்தால் பன்னிரண்டு வயதுக் கிழவன் சும்மா விட வேண்டியதுதானே? விடவில்லை. தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. எங்கள் மலையில் அவனுக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. கம்போங் ராஜா வழியாக இறங்கி ஈப்போவுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே தையல் போட்டார்கள், இரண்டு வாரத்துக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். காயம் நன்றாக ஆறிவிட்டது. வயிறுதான் போய்விட்டது.

வயிறு போய்விட்டது என்றால் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. தின்றது எல்லாம் தண்ணீராகப் போனது. எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால் வரைக்கும்கூட அடக்க முடியாமல், வாசலிலேயே போய்விட்டு, என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வான். நான் முன்கோபக்காரன். தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறேன்; என் வாய்க்குப் பயந்து கணக்கு எழுதும் கிராணிகூட என்னிடம் அளந்துதான் பேசுவார். அந்த நாயை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை.

கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகளுக்குப் போன் செய்தேன். எங்களுக்கு அவள் ஒருத்திதான். அவள் அம்மா இறந்த இந்த இரண்டு வருடத்தில் அவள் என்னோடு பேசியதெல்லாம் நாயைப் பற்றித்தான். சாப்பிட்டானா, குளிருக்குச் சாக்கு போட்டீங்களா, அவ்வளவுதான். அன்றைக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

“அப்பா, ஓமத் தண்ணி, சுக்கு எதையும் ஊத்திறாதீங்க. உங்க கை வைத்தியம் போதும். அந்த டாக்டர் என்ன சொல்றாங்களோ அத மட்டும் செய்யுங்க. அம்மா வளத்ததுன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்.”

“சரி பாப்பா, செய்றேன்” என்றேன். எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லை. காரணம் இருக்கிறது.

என் மனைவிக்கு நாலு மாதம் வயிற்று வலி இருந்தது. கேஸ்டிரிக் என்று நானே முடிவு கட்டினேன். ஓமத் தண்ணி, சுக்குக் கஷாயம், தோட்டத்து மருந்துக்கூடத்து டிரஸர் கொடுத்த வெள்ளை மாத்திரை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று டிரஸர் இரண்டு தடவை சொன்னார். நாளைக்குப் போகலாம், கொழுந்து அதிகம், லோரிக்கு ஆள் இல்லை, என்று நான் தள்ளித் தள்ளிப் போட்டேன். மகளுக்கு அப்போது கடைசி வருடப் பரீட்சை; அவளுக்குச் சொல்லவில்லை. வயிற்றில் புற்று என்று தெரிந்தபோது எல்லாம் முற்றியிருந்தது. மகள் வந்து சேர்ந்தபோது, ‘திடீர்னு வந்துருச்சும்மா, யாருக்கும் தெரியல’ என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, இனிமேல் எதற்குக் கிளற வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாளே அவனை ஈப்போவுக்குக் கொண்டு போனேன். அந்த டாக்டர் ஒரு சீனப் பெண். வயது என் மகள் வயதுதான் இருக்கும். மலாய் மொழியில் பொறுமையாக விளக்கினார். காயத்துக்குக் கொடுத்த மருந்து கெட்ட கிருமியோடு குடலில் இருந்த நல்ல கிருமியையும் கொன்றுவிட்டதாம். அந்த நல்ல கிருமியைத் திரும்பக் குடியேற்ற வேண்டுமாம். புரோபயோட்டிக் என்று சின்னச் சின்னப் பொட்டலமாக ஒரு தூள் கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொன்னார். இதென்னடா கூத்து, கிருமியைக் காசு கொடுத்து வாங்கி வயிற்றில் போடுவதா என்று மனசுக்குள் சிரித்தேன். ஆனாலும் மகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

என் வாழ்நாளில் யார் பேச்சையும் அப்படிக் கேட்டு நடந்ததில்லை. ஒரு வேளைகூடத் தப்பவில்லை. விடியற்காலை எழுந்து கஞ்சி வைப்பேன். தோல் நீக்கிய கோழியை வேகவைத்துப் பிய்த்துப் போடுவேன். எங்கள் மலைக் குளிரில் யாருக்கும் எதையும் ஆற வைத்துக் கொடுத்துப் பழக்கமில்லை. தண்ணீரைக்கூடச் சுடவைத்துத்தான் குடிக்கிறோம். உடம்பு சரியில்லாதவனுக்கு ஆறிய சோற்றை வைப்பது பாவம் இல்லையா? அடுப்பில் தளதளவென்று கொதிக்கும்போதே தூளைக் கொட்டிக் கரண்டியால் நன்றாகக் கரைப்பேன். பிறகு மூடி வைத்து, சூடு தாங்கும் பதத்தில் அவன் முன்னால் வைப்பேன்.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு, மூன்று. அவன் தேறவில்லை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டது. முன்பெல்லாம் லோரிச் சத்தம் கேட்டால் வளைவு வரைக்கும் ஓடி வருவான். இப்போது படுத்த இடத்தில் வாலை ஒரு தடவை தரையில் தட்டுவதோடு சரி. ‘மருந்து கொடுக்கிறீங்களா?’ என்று மகள் தினமும் கேட்டாள். கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். இவனும் என் கையில் போய்விட்டால் அவள் இந்த வீட்டுப் படி ஏற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் எனக்கே சோறு இறங்கவில்லை.

லீவு போட்டுவிட்டு மறுபடியும் ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். தூளை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், கொதிக்கிற கஞ்சியில் போட்டு, ஒரு பொடிகூடத் தங்காமல் கரைத்துக் கொடுக்கிறேன் என்று.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பாக்சிக்,” என்று பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதையோடுதான் ஆரம்பித்தார். “அந்தத் தூளில் இருப்பது உயிர். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் செத்துவிடும். ஆறிய பிறகுதான் தூவ வேண்டும். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.”

அவர் சொல்லாவிட்டால் என்ன? எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் முப்பது வருடம் தயிர் உறைந்தது. பால் காய்ந்ததும் இறக்கி வைத்து, விரலை விட்டுப் பார்த்து, விரல் பொறுக்கும் சூடு வந்த பிறகுதான் என் மனைவி உறைமோர் ஊற்றுவாள். கொதிக்கிற பாலில் யாராவது உறை ஊற்றுவார்களா? அடப் பாவி, வேளை தவறாமல் எழுந்து எழுந்து மருந்தைக் கொன்றிருக்கிறேனே என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். நாய் மேஜைமேல் நின்றபடி என் கையை நக்கியது.

காரில் உட்கார்ந்து வெகு நேரம் கிளப்பவில்லை. மகளிடம் சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரியப் போவதில்லை. மருந்து கேட்கவில்லை, வயதாகிவிட்டது என்று சொன்னால் நம்புவாள். முன்பு நம்பினாளே. அதை நினைத்ததும் எனக்கு என்மீதே அருவருப்பு வந்தது. போனை எடுத்துச் சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“பரவால்லப்பா,” என்றாள் கடைசியில். “தெரியாமத்தான செஞ்சீங்க. சொன்னீங்களே, அது போதும் லா.”

அது போதும் என்ற அந்தச் சொல்லில்தான் நான் உடைந்துபோனேன்.

அன்று மாலையிலிருந்து கஞ்சியை ஜன்னலோரம் ஆறவைத்து, விரலை விட்டுப் பார்த்த பிறகே தூளைத் தூவினேன். ஐந்தாறு நாளில் தண்ணீராகப் போவது நின்றது. இரண்டாவது வாரம் ஒரு காலை கெட்டியாகப் போனான். வெட்கமில்லாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஐயோ அண்ணே, காலங்காத்தால இதப் பாக்கவா கூப்பிட்டீங்க?” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நாய் அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவள் அதன் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. அவள் அம்மா வலியோடு இருந்த நாலு மாதத்தையும் சொன்னேன். டிரஸர் இரண்டு தடவை சொன்னதையும், நாளைக்குப் போகலாம் என்று நான் தள்ளிப் போட்டதையும், எதையும் விடாமல் சொன்னேன்.

அவள் அழவில்லை. நாயைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுச்சா?”

“வலிச்சுச்சும்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா.”

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா? பொய் சொல்லாதீங்க.”

ஒண்ணுமில்ல என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். “படி ஏறுனா நெஞ்சு அடைக்குது. ரெண்டு மாசமா.”

அவள் நாயை மடியிலிருந்து மெல்ல இறக்கினாள். எழுந்து கார்ச் சாவியை எடுத்தாள். “கெளம்புங்க.”

“இன்னிக்கு ஞாயித்துக்கெழம பாப்பா. நாளைக்குப் போலாம்.”

“அம்மாகிட்டயும் இதத்தான சொன்னீங்க?”

நான் எழுந்துபோய்ச் சட்டையை மாற்றினேன்.