ஃபிதென்சியா ஆற்றில் போட்ட குட்டிகள்

ஃபிதென்சியா நல்லவள் என்று பால்சாஸ் ஆற்றங்கரையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி.

அவள் வளர்த்தது உடம்பில் முடியே இல்லாத நாய்களை. மூட்டுவலிக்காரர்கள் அவள் முற்றத்தில் உட்கார்ந்து, அந்தச் சூடான உடம்பை முழங்காலோடு அணைத்துக்கொள்வார்கள். வலி குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூடவே அவள் பேச்சையும் கேட்டாக வேண்டும்.

"ஸ்பானியன் கப்பல்ல வர்றதுக்கு முன்னாடியே நம்ம பாட்டன் முப்பாட்டன் வளர்த்த நாய் இது. ஒரு சொட்டுக் கலப்பு கிடையாது."

ஒவ்வோர் ஈற்றிலும் ஒன்றிரண்டு குட்டி முடியோடு பிறக்கும். அவை கலப்பாம். மாவுச் சாக்கில் கட்டி ஆற்றில் போட்டுவிடுவாள். பழி என் பிந்தோ மேல். பிந்தோ அடர்ந்த முடியுள்ள தெருநாய், பரம சாது.

"உன் நாய் வேலி தாண்டுது, மக்ரீனா."

"அதுக்குக் கிழடு தட்டிப்போச்சு. வாசப்படி தாண்டவே யோசிக்குது."

"நாயும் எஜமானி மாதிரிதான். மூஞ்சி மட்டும் சாது."

போன ஈற்றிலும் முடிக்குட்டிகள். மறுநாள் பிந்தோ என் அடுப்படியில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. வாயோரம் பன்றிக்கொழுப்பு தடவிய சோளரொட்டித் துண்டு. போய்க் கேட்டேன். "ஆமா, நான்தான் வெஷம் வெச்சேன்" என்றாள், வெட்கமே இல்லாமல்.

அந்தச் சமயம்தான் பழங்கால நாய்களின் வம்சத்தை ஆராயும் பெண் ஒருத்தி நகரத்திலிருந்து வந்தாள். ஃபிதென்சியாவுக்கு ஒரே குஷி. முடிக்குட்டிகள் பிந்தோவுக்குப் பிறந்தவை என்று காட்டி, ஊர் முன்னால் என் முகத்தில் கரி பூசுவதற்காகவே அந்த ஈற்றில் ஒன்றை மட்டும் ஆற்றுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டாள். வந்தவள் எல்லா நாய்களின் வாயிலும் பஞ்சை விட்டுத் துடைத்து எடுத்துப் போனாள். சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, முற்றம் நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னாள்:

"இந்தக் குட்டிக்கு அப்பன் உங்க மொட்டை நாய்தாம்மா. மொட்டைக்கு முடிக்குட்டியும் பொறக்கும், அது இயல்பு. பழைய ரத்தம் ரெண்டுக்குமே கொஞ்சூண்டுதான் இருக்கு. மிச்சமெல்லாம் கப்பல்ல வந்தது."

"அப்போ ஆத்துல போட்டதெல்லாம்..." என்று ஆரம்பித்த ஃபிதென்சியா நிறுத்திவிட்டாள்.

"உன் வீட்டுக் குட்டிங்க" என்று நான் முடித்து வைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மறுநாள் அந்தக் குட்டியோடு என் வாசலுக்கு வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"இத நீ வெச்சுக்கடி. பிந்தோவுக்குப் பதிலா."

"ஏன், உனக்கு என்ன கேடு?"

"எங்க போனாலும் பின்னாலயே வருது. மடியில ஏறி மூஞ்சியவே பாக்குது. என்னால தாங்க முடியல."

குட்டி என் பாவாடையை முகர்ந்தது. தூக்கிக்கொள்ளக் கை பரபரத்தது. தூக்கவில்லை.

"பாக்கட்டும். அது உசுரோட இருக்கற வரைக்கும் உன்னப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.