என் விரல் தொட்ட ‘பெண்’

பிள்ளைகளுக்குப் போதைப் பழக்கம் வராமல் தடுக்க, மகன் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கைபேசியில் ஒரு செயலி போடச் சொன்னார்கள். எங்கள் வீட்டுத் தறியில் பட்டு நெய்வது மனைவி. புடவையைக் கடையில் கொடுத்துவிட்டு ஊர்க்கதை பேசி நிற்பது நான். எனவே நான்தான் திறந்தேன். ஆணா, பெண்ணா என்று கேட்டது. மூக்குக்கண்ணாடி போடாத என் விரல் பெண்ணைத் தொட்டுவிட்டது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். சாராயம், கஞ்சா பற்றிக் கேட்கும் என்று பார்த்தால், பெண்களுக்கான கேள்வி என்று போட்டு, “வேலையை முடிக்க தினமும் வலி மாத்திரை போடுகிறீர்களா?” என்றது. போதைக்கும் வலி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? குழப்பத்தோடு சிரித்துக்கொண்டே உரக்கப் படித்தேன்.

தறியிலிருந்து மனைவி, “ஆமான்னு போடுங்க” என்றாள்.

“போடாத நாளில் கை நடுங்குகிறதா?”

“ஆமா. இழைகூட புடிக்க வராது.”

எனக்குச் சிரிப்பு நின்றது.

“ஜல்தியா படிங்க. நெய்துகினே சொல்றேன்ல.”

“மாத்திரையை வாங்கித் தருவது யார்?”

“இன்னாங்க, தெரியாத மாதிரி கேக்கறீங்க? ஜரிகைக்குப் போறப்ப நீங்கதான அட்டை அட்டையா வாங்கினு வர்றீங்க.”

அதுவரை கஞ்சா வாசம் அடிக்கிறதா என்று தினமும் மகன் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவருகிறார். வைத்தியம் எங்கே முடிந்து பழக்கம் எங்கே தொடங்கியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போதெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் நான் மாத்திரை வாங்குவதில்லை. அவளுக்கு இடுப்பு வலித்தால் தறியில் நான் உட்காருகிறேன். என் நெசவைப் பார்த்து அவளுக்குத் தலைவலி வருகிறது. அதற்கு டீ போட்டுத் தருகிறேன்.