காப்புக் கட்டின வீடு

அம்சாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பால் சொசைட்டியில் அளவு குறைகிறது என்று அங்கே இருந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே கேட்டவள் அவள். பாலில் தண்ணீர் கலக்கிறவர்களை வரிசையில் நிற்கும்போதே பேர் சொல்லி விசாரித்தவள். அவள் தூக்குவாளியோடு தெருமுனையில் திரும்பினால் வம்பு பேசுகிறவர்கள் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். முசரவாக்கத்துக்கு அப்பால் ஏரியை ஒட்டிக் கிடக்கும் சின்ன ஊர் அது. அப்படிப்பட்டவள் இந்தச் சித்திரையில் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நடமாடினாள். ஊர் அதைக் கவனிக்கவில்லை. ஊருக்கு அப்போது வேறு கவலை இருந்தது.

அவள் பிறந்தது ஐயம்பேட்டை. ராமராஜனுக்குக் கழுத்தை நீட்டி இங்கே வந்தபோது அவன் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அவன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்கள். தலையைப் பின்னிக்கொண்டே ஓடிவரும் பெண்ணுக்காக ஹாரன் அடித்துக் காத்திருப்பான். "ராமராஜண்ணன் இருக்கிறாரு, பஸ் போவாது" என்று அவர்களுக்கும் ஒரு தைரியம். பிறகு கண் பரிசோதனையில் அவன் தேறவில்லை என்று ஒப்பந்தக்காரன் சாவியை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. குடிக்கவில்லை, சண்டை போடவில்லை. குடித்திருந்தாலாவது திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும் என்று அம்சாவே சொல்லியிருக்கிறாள். நர்சிங் படிக்கும் மகள் திரிஷா ஹாஸ்டலிலிருந்து வந்தால்கூட "சாப்டியா" என்பதோடு சரி. இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு குடும்பத்தை இழுத்தது அம்சாதான்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் வேல்முருகன் வீட்டு வைக்கோல் போரில் மின்கம்பியிலிருந்து பொறி விழுந்தது. அந்த முதல் தீ யார் குற்றமும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் கத்திக்கொண்டு நின்றபோது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ராமராஜன் எங்கிருந்தோ பாய்ந்து வந்தான். பக்கத்துக் கொட்டகையின் மேல் ஏறிக் கீற்றைப் பிரித்து எறிந்தான். உள்ளே மாட்டிக்கொண்ட கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். காஞ்சிபுரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தா பரசுராமன் சால்வை போர்த்தினார். பையன்கள் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் கருப்புக் கண்ணாடி போட்ட ராமராஜன், அவனுக்குப் பின்னால் எதற்கென்று தெரியாமல் ஒரு சிங்கம். அன்றைக்கு அவனாகவே மகளுக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசினான், சிரித்தான். அம்சா அடுப்பங்கரையில் நின்று அதைக் கேட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

அதற்குப் பிறகு ஊர் எரியத் தொடங்கியது.

ஒருநாள் வைக்கோல் போர், ஒருநாள் கீற்றுக் கொட்டகை, இன்னொரு நாள் வாசலில் நிறுத்தியிருந்த பைக். எல்லாம் மத்தியானத்தில், கம்பெனிக்குப் போகிறவர்கள் போய், நூறு நாள் வேலைக்காரர்கள் ஏரிக்கரையில் இருக்கும் நேரத்தில். போலீஸ் வந்தது, விசாரித்தது, போனது. தெருவுக்குத் தெரு தண்ணீர் டிரம் வைத்தார்கள். வைக்கோலைக் கூடத்தில் அடைத்துவிட்டு மனிதர்கள் வெளியே படுத்தார்கள். வேலைக்குப் போகாமல் வீட்டைக் காத்தவர்கள் உலை வைக்க வழியில்லாமல் விழித்தார்கள். போர்வை விற்க வந்த ஒரு வெளியூர்க்காரனை விளக்குக் கம்பத்தில் கட்டி அடித்து, அவன் மூட்டையை உதறிப் பார்த்தார்கள். அதில் போர்வைகள்தான் இருந்தன. அவனிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணன் வீட்டுப் போர் எரிந்தால் தம்பியைப் பார்த்தார்கள், தம்பி வீடு எரிந்தால் அண்ணனைப் பார்த்தார்கள்.

எல்லாத் தீயிலும் ராமராஜன் முதல் ஆளாக ஓடினான். "நம்ம ராமராஜன் மட்டும் இல்லன்னா ஊரே சாம்பலா போயிருக்கும்" என்றார்கள்.

சித்திரையில் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. தீமிதிக்கிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்துக் காப்புக் கட்டிக்கொண்டார்கள். கட்டிவிட்டால் தீமிதி முடியும்வரை கோயிலில்தான் படுக்கை, ஒரு வேளைதான் சாப்பாடு, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. காப்புக் கட்டியவனை வாடா போடா என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள். அவன்மேல் கை வைத்தால் அம்மன்மேல் கை வைத்த மாதிரி. ராமராஜனும் கட்டிக்கொண்டான். ஊரைக் காக்க இவர்களைவிடச் சுத்தமான ஆள் யார் இருக்கிறார்கள் என்று சொல்லி, பகல் காவலை மஞ்சள் வேட்டிக்காரர்களிடமே பரசுராமன் ஒப்படைத்தார். ராமராஜன் கழுத்தில் ஒரு விசில் ஏறியது. காவல் வந்த பிறகும் தீ நிற்கவில்லை. காவலைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அல்லவா அதிசயம்!

நீலாம்பாளின் கொட்டகை எரிந்த அன்று அம்சா ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் புருஷன் இல்லாதவள், அம்சாவோடு தினமும் பால் ஊற்றப் போகிறவள். அவள் கொட்டகையின் பின்பக்கமிருந்து ஒரு மஞ்சள் வேட்டி வெளியே வந்தது. ராமராஜன்தான். கூப்பிடலாம் என்று அம்சா வாயெடுத்தாள். அவன் நேரே போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டு கொட்டகையையே பார்த்தான். கூரையோரத்தில் மெல்லப் புகை கிளம்பியது. அப்போதும் நின்றான். நன்றாகப் பற்றிக்கொண்டது என்று தெரிந்த பிறகுதான் விசிலை ஊதிக்கொண்டு, "நெருப்பு! நெருப்பு!" என்று ஓடினான்.

உள்ளே நீலாம்பாளின் சினைமாடு கட்டியிருந்தது. அது கத்திய கத்தலைக் கேட்டு அம்சாவும் ஓடினாள். மாட்டைக் கட்டியிருந்த தும்புக் கயிற்றை அறுக்க ஒருவராலும் கிட்டே போக முடியவில்லை.

மறுநாள் கோயில் வேப்பமரத்தடியில் புருஷனுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் குடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"நான் பாத்தேன்."

"இன்னா பாத்த?"

"புளியமரத்தாண்ட நின்னுக்கினு இருந்தீங்களே, அதத்தான்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். மறுப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள், மறுத்தால் நம்பிவிடவும் தயாராக இருந்தாள்.

"மாடு உள்ள இருக்குதுன்னு தெரியாது அம்சா," என்றான் அவன். "மேய்ச்சலுக்கு ஓட்டினு போயிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"அய்யோ, ஏங்க இப்டி பண்றீங்க?"

"தெரில. அணைக்க ஓடும்போது எல்லாம் என் பேரச் சொல்லிக் கத்துறாங்க. அப்பதான் நான் இருக்கிறேன்னே எனக்குத் தெரியுது." பிறகு அவள் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தீமிதியோட நின்னுடும். அம்மன்மேல ஆணையா நிறுத்திடுறேன். திரிஷாவ நெனச்சிப் பாரு."

அவள் திரிஷாவை நினைத்துப் பார்த்தாள். நினைத்து, வாயை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் நீலாம்பாள் வந்து அவள் மடியில் தலையை வைத்து அழுதாள். "கன்னு ஈனுறதுக்கு நாள் எண்ணிக்கினு இருந்தேனே அம்சா" என்றாள். அம்சா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். தடவுகிற அந்தக் கையையே வெட்டிப்போட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

இனிப் பொறுக்க முடியாது என்று ஊர் கூடியது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது என்று முடிவானது. வீட்டுக்கு ஒருவர் வந்து, அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, 'எங்க வூட்டாளு இத பண்ணல' என்று சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்த குடும்பம் விளங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். காப்புக் கட்டின வீடுகளுக்கு மட்டும் விலக்கு. காப்பே சத்தியம்தானே, அதற்கு மேல் இன்னொரு சத்தியம் எதற்கு என்றார் பரசுராமன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வாசலில் நிற்க இடமில்லை. வீடு வீடாக வந்து அணைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வசந்தைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். மெயின் ரோட்டில் பங்க்சர் கடை வைத்திருக்கும் காலனிப் பையன். பாட்டிலில் பெட்ரோலும் விற்பான். அது போதாதா ஊருக்கு? அவனும் அவன் அம்மா பொன்னியும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர்கள், அன்றைக்கும் பாதி ஜெபத்தில்தான் இழுத்து வந்திருந்தார்கள்.

"கைய வைப்பா," என்றார் பரசுராமன்.

"எங்க சபையில சத்தியமே பண்ணக்கூடாதுங்க," என்றான் வசந்த். "நான் பண்ணல. அவ்ளோதான் சொல்ல முடியும். வேணும்னா ஸ்டேஷனுக்கு வர்றேன்."

"கைய வைக்க பயப்புடுறான் பாரு!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. அதற்காகவே காத்திருந்ததுபோல், முதலில் போர் எரிந்த வேல்முருகன் பாய்ந்து வசந்தின் சட்டையைப் பிடித்தான். பொன்னி குறுக்கே விழுந்தாள். யாரோ அவளைத் தள்ளினார்கள். "கடைய கொளுத்துங்கடா" என்று இன்னொருவன் கத்தினான்.

அம்சா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உங்க வூட்டுக்குத்தான் வேணாமேமா," என்றார் பரசுராமன்.

 அவள் தட்டில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தின்மேல் உள்ளங்கையைக் கொண்டுபோனாள். அழுத்தவில்லை, நெருப்புக்கு நேர்மேலே பிடித்தாள். "எங்க வூட்டாளு..." என்று தொடங்கினாள். அதற்குமேல் நாக்கு நகரவில்லை. திரும்பவும் தொடங்கினாள். திரும்பவும் அங்கேயே நின்றது. தோல் கருகுகிற நாற்றம் வந்தபோதுதான் ஜனங்களுக்கு விஷயம் உறைத்தது. நீலாம்பாள் ஓடிவந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். அத்தனை பேர் வீட்டுத் தீக்கும் ஓடிய ராமராஜன், பெண்டாட்டி கை வேகும்போது மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னால சொல்ல முடியல மாமா," என்றாள் அம்சா பரசுராமனிடம். "எங்க வூட்டாளுதான். நான் கண்ணால பாத்தேன். நீலாம்பாக்கா, உன் மாடு எரிஞ்சப்ப நான் பாத்துக்கினு இருந்தேன்."

நீலாம்பாள் அவள் கையை விட்டாள்.

 பரசுராமன் முகம் வெளுத்துப் போனது. அவர் ராமராஜனைப் பார்க்கவில்லை, அவன் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

"காப்புக் கட்டினவன் பேர்ல பழி போடாத அம்சா. ஊருக்கு ஆவாது," என்றார். "அந்தக் கயிறு கையில இருக்கிற வரைக்கும் இந்தப் பேச்ச நான் காதுல வாங்க மாட்டேன். தீமிதி ஆவட்டும், அப்பால பேசிக்கலாம். வெயில்ல அவளுக்கு இன்னாவோ ஆயிட்டுது, வூட்டுக்கு கூட்டினு போங்கமா."

கூட்டம் மூச்சு விட்டது. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். சால்வை போர்த்தியவர்கள் அவர்கள், ஃப்ளெக்ஸ் கட்டியவர்கள் அவர்கள், விசில் மாட்டியவர்கள் அவர்கள். வேல்முருகன் வசந்தின் சட்டையை இன்னும் விடவில்லை. பையனின் உதட்டில் ரத்தம் வந்திருந்தது. இந்தக் காப்பு இருக்கும்வரை தன் பேச்சு செல்லாது, தீமிதிவரை இந்தப் பையன் தாங்கமாட்டான் என்று அம்சாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவள் மண்டபத்தில் ஏறிப் புருஷன் முன்னால் நின்றாள்.

"கைய குடுங்க."

"அவுக்காத அம்சா," என்றான் அவன் தாழ்ந்த குரலில். "அவுத்தா என்ன அடிச்சே கொன்னுடுவாங்க."

"தெரியுது."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "போலீசுக்கு போன் போடுங்க. அவங்க வர்ற வரைக்கும் அவர் மேல கைய வைக்காதீங்க. உங்க எல்லார் காலையும் தொட்டுக் கேக்குறேன்." ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. ஒருவரும் போனை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் தன்னிடம் மோர் வாங்கிக் குடித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி அவன் பக்கம் திரும்பினாள்.

ராமராஜன் கையை நீட்டினான்.  முடிச்சு இறுகியிருந்தது. வெந்த கையின் விரல்கள் மடங்கவில்லை. அம்சா குனிந்து, மஞ்சள் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். அவள் கண்ணீர் அவன் கைமேல் விழுந்தது. "திரிஷாகிட்ட நீ சொல்லாத, நானே சொல்றேன்," என்று அவன் முணுமுணுத்தான்.

காப்பு அவிழ்ந்து தரையில் விழுந்தது. வேல்முருகன் வசந்தின் சட்டையை விட்டுவிட்டு மண்டபத்தின் பக்கம் திரும்பினான். அம்சா புருஷனைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி, வெந்த கையையும் வேகாத கையையும் அகல விரித்துக்கொண்டு கூட்டத்துக்கு எதிரே நின்றாள்.